கூடைப்பந்தில் யார் நல்ல டிபென்டர் (தடுத்து ஆடுபவர்) என்று எப்படிக் கணிப்பது?

கிளிநொச்சியில் பின்னேரங்களில் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, ஒரு என்பிஏ அணியை எடுத்துக்கொண்டால் அதில் யார் நல்ல டிபென்டர், யார் சுமார் என்று எதை வைத்துச் சொல்வது? நாங்கள் ஸ்டீலையும் பிளொக்கையும் எண்ணித்தான் சண்டை பிடிக்கிறோம். அது சரியான கணக்கா?"

எதிரணியின் பந்தைப் பறித்தால் ஸ்டீல், எறிந்த பந்தைத் தட்டித் தடுத்தால் பிளொக். அவற்றை எண்ணுவது முழுக்கப் பிழையான கணக்கு என்று சொல்ல மாட்டேன், தம்பி. ஆனால் அந்த இரண்டையும் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் ஆளை மாறிக் கணித்துவிடுவீர்கள். 2015-16 பருவத்தில் ஸ்டீல் சராசரியில் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ முழுவதற்கும் முதலாவதாக வந்தவர் கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டீபன் கரி. அதே அணியில் எதிரணியின் ஆபத்தான கார்டை, அதாவது வெளியே நின்று பந்தை நடத்துபவரை, பிடிக்கும் (கூடவே நின்று தடுக்கும்) வேலை பெரும்பாலும் கிளே தொம்சனுக்குத்தான் போனது. கரிக்கு வேகமான கையும் பந்து எங்கே வரும் என்ற ஊகமும் உண்டு. அதனால் ஸ்டீல் கிடைத்தது. அணியின் மிகச் சிறந்த டிபென்டர் அவர்தான் என்று கோல்டன் ஸ்டேட் ரசிகர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள்.

மறுபக்கம் பில் ரஸலைப் பாருங்கள். பொஸ்டன் அணியில் 13 பருவங்கள் ஆடி 11 பட்டங்கள் வென்றவர். ஆட்டத்தின் வரலாற்றிலேயே தலைசிறந்த டிபென்டர் என்று பலர் அவரைத்தான் சொல்வார்கள். அவருடைய பிளொக் எண்ணிக்கை அதிகாரபூர்வப் பதிவில் கிடையாது, ஏனென்றால் என்பிஏ ஸ்டீலையும் பிளொக்கையும் 1973-74 பருவத்தில்தான் எண்ணத் தொடங்கியது. ரஸல் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவரைப் பற்றிக் கதைப்பவர்கள் இன்றைக்கும் சொல்வது, பந்தைக் கூட்டத்துக்குள் அடித்து வீசாமல் தன் அணிக்காரர் கைக்குப் போகிற மாதிரித் தட்டிவிடுவார் என்பதைத்தான். வெளியே போன பந்து திரும்ப எதிரணிக்கே போகும். உள்ளே நின்ற பந்தில் நம்முடைய பாஸ்ட் பிரேக் (வேகமான எதிர்த்தாக்குதல்) தொடங்கும். புள்ளித்தாளில் இரண்டும் ஒரே "1" தான்.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? என் கருத்தில் முதற்கேள்வி ஒன்றுதான்: அந்த ஆளுக்கு அன்றைக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டிருந்தது? அது தெரியாமல் எந்தத் தரவும் நமக்கு உதவாது.

2004 இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட், லேக்கர்ஸ். டெட்ராய்டின் பென் வாலஸ் சிறந்த டிபென்டர் விருதை நான்கு தடவை வென்றவர். அந்தத் தொடரில் அவருடைய பெரிய வேலை லேக்கர்ஸின் ஷாக்கீல் ஓ'நீலைப் பிடிப்பது. ஓ'நீல் ஆட்டத்துக்குச் சராசரியாக 26.6 புள்ளிகள் எடுத்தார், எறிந்த பந்தில் 63 வீதம் கூடைக்குள் போட்டார். இதை மட்டும் பார்த்தால் வாலஸ் கோட்டை விட்டுவிட்டார் என்றுதான் தோன்றும். உண்மையில் டெட்ராய்டின் திட்டமே அதுதான். ஓ'நீலைப் பெரும்பாலும் ஒருவரோடு மல்லுக்கட்ட விடு, இரண்டாவது ஆளை அனுப்பாதே, வெளியே நிற்கும் எவருக்கும் இடம் கொடுக்காதே. லேக்கர்ஸின் கோபி பிரையன்டை நீண்ட கைகளோடு டெட்ராய்டின் டேஷான் பிரின்ஸ் பிடித்தார். பிரையன்ட் 38 வீதத்தோடு நின்றார். மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் மொத்தமாக எடுத்தது 68 புள்ளிகள். தொடர் 4-1 என்று டெட்ராய்டுக்கு. "உன் ஆள் எத்தனை புள்ளி எடுத்தான்" என்ற கேள்வி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இங்கே வன்னியில் இருந்து பார்க்கிற எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு விடியற்காலை ஐந்து மணி, குளிர்காலத்தில் ஆறு மணி. பிள்ளைகள் பாடசாலைக்கு வெளிக்கிடும் நேரம். ஆகவே எல்லோரும் பார்ப்பது போனில் வரும் பத்து நிமிட ஹைலைட்ஸ். அதில் பிளொக் வரும், ஸ்டீல் வரும், பந்தை ரிங்குக்குள் திணிக்கும் டங்க் வரும். நல்ல டிபென்ஸ் ஒருநாளும் வராது. நல்ல டிபென்ஸ் என்றால் பெரும்பாலும் எதிரணி நினைத்தது நடக்காமல் போவதுதான். நடக்காததை யார் வெட்டி ஒட்டிப் போடப்போகிறார்கள்? மாதத்துக்கு ஒரு ஆட்டம் போதும், ஆனால் முழு ஆட்டமாகப் பாருங்கள். பார்க்கும்போது பந்தை விட்டுவிடுங்கள். ஒரு குவாட்டர் (ஆட்டத்தின் காற்பகுதி) முழுக்க ஒரே ஆளை மட்டும் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் கண் தானாகப் பந்துக்குப் போகும். பிறகு பழகிவிடும்.

எதைப் பார்ப்பது என்று ஒரு நகர்வை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய ஆட்டத்தில் பெரும்பகுதி இந்த ஒன்றைச் சுற்றித்தான் நடக்கிறது. பந்து வைத்திருக்கும் கார்ட் மேலே, ரிங்கில் இருந்து தள்ளி நிற்கிறார். அவருடைய சென்டர், அதாவது அணியின் உயரமான ஆள், வந்து ஸ்கிரீன் போடுகிறார், தடுப்பவரின் வழியை உடம்பால் மறித்து நிற்கிறார். இப்போது பந்துக்காரரைப் பிடிப்பவர் ஸ்கிரீனுக்கு மேலால் நெருக்கிக்கொண்டு போக வேண்டும், அல்லது கீழால் சுற்ற வேண்டும். கீழால் போனால் மூன்று புள்ளி எறிய இடம் கிடைக்கும். எறியத் தெரியாத கார்ட் என்றால் அது பரவாயில்லை, கரி என்றால் பெரும் பிழை. மேலால் போகிறவரின் இடுப்பைப் பாருங்கள். நல்ல டிபென்டர் ஸ்கிரீன் வருவதற்கு முன்பே உடம்பை ஒல்லியாக்கி, ஒரு காலை முன்னுக்கு நுழைத்து, தோளை உள்ளே விட்டு வழுக்கிப் போய்விடுவார். சுமாரான ஆள் நெஞ்சால் முட்டி நின்றுவிடுவார். அந்த அரைச் செக்கனில் எதிரணிக்கு ஐந்துக்கு நான்கு என்று கணக்கு மாறிவிடும்.

இரண்டாவது ஆள், ஸ்கிரீன் போட்டவரைப் பிடிக்கும் சென்டர். அவர் பின்வாங்கி ரிங்குக்குக் கிட்ட நிற்கலாம், அதை டிரொப் என்பார்கள். ஆளை மாற்றிக்கொள்ளலாம், அது சுவிட்ச். மேலே பாய்ந்து பந்துக்காரரை மறிக்கவும் செய்யலாம். எதைச் செய்வது என்று முடிவெடுப்பது கோச். ஆகவே டிரொப்பில் நிற்கும் சென்டரைப் பார்த்து "ஏன் வெளியே வந்து பிடிக்கவில்லை" என்று திட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம். பின்னுக்குப் போகும்போது பந்தையும் தன் ஆளையும் ஒரே நேரத்தில் தடுக்கும் கோட்டில் நிற்கிறாரா, எப்போது குதிக்க வேண்டும் என்று பொறுத்து நிற்கிறாரா என்பதைத்தான் அவரிடம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஆளை ஒருவரும் பார்ப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். பந்துக்கு எதிர்ப்பக்கக் கோனரில் (மூலையில்) நிற்பவரைப் பிடிக்கிறவர், லோ மேன் என்பார்கள். ஸ்கிரீன் போட்ட சென்டர் ரிங்கை நோக்கி ஓடும்போது இவர் தன் ஆளை விட்டு இரண்டு எட்டு உள்ளே வந்து அந்த ஓட்டத்தை மறிக்க வேண்டும். பந்து கோனருக்குப் பறந்தால் அதே வேகத்தில் திரும்ப ஓட வேண்டும். ஒரு எட்டு முந்தினால் கோனரில் சும்மா நின்று எறியும் மூன்று புள்ளி. ஒரு எட்டுப் பிந்தினால் டங்க். சரியான நேரத்தில் வந்து நின்றால் பந்துக்காரர் அந்தப் பாஸைக் கொடுக்கவே மாட்டார். பந்தைத் திருப்பி மேலே எடுத்துக்கொண்டு போவார், எறிவதற்கு இருக்கும் 24 செக்கன் மணிக்கூட்டில் ஆறேழு செக்கன் கரைந்திருக்கும். லோ மேனுக்கு ஸ்டீலும் இல்லை, பிளொக்கும் இல்லை, கமெராகூட இல்லை.

எங்கள் பக்கத்துச் சீமெந்து ஆடுகளத்தில் நான் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரம் குறைவு, ஷொட் சுமார். பின்னால் நின்றுகொண்டு ஸ்கிரீன் வர முன்னமே "இடது, இடது! நான் நிற்கிறன், நீ போ!" என்று கத்துவாள். அந்தச் சத்தம் கேட்டதும் முன்னால் நிற்கும் பிள்ளை திரும்பிப் பார்க்காமலே காலை மாற்றிப் போடும். அவள் இருக்கும் பக்கம் சும்மா கிடைக்கும் லே-அப் (ரிங்குக்குக் கிட்டப் போய்ப் போடும் கூடை) மிகக் குறைவு. அவள் தண்ணீர் குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் அதே நான்கு பிள்ளைகளும் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு நிற்கும். புள்ளித்தாளில் அவள் பெயருக்கு நேரே ஒன்றும் இருக்காது. தேர்வு நேரத்தில் "இவள் என்ன செய்தவள்?" என்று கேட்டார்கள். ஆட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள் என்றுதான் நான் சொன்னேன். என்பிஏ ஒளிபரப்பில் கூட்டத்தின் இரைச்சலில் இந்தக் குரல் கேட்காது, ஆனால் கை காட்டுவது தெரியும். யார் விரலை நீட்டி மற்றவரை இடம் மாற்றுகிறார் என்று பாருங்கள். கோல்டன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீன் 2017இல் சிறந்த டிபென்டர் விருது வாங்கியதில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

ரிங்கைக் காக்கும் உயரமானவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளொக் எண்ணிக்கை இவர்களுடைய வேலையில் ஒரு துண்டுதான். எங்கள் வயல் காவலை நினைத்துப் பாருங்கள். காவல் கொட்டிலில் நெருப்பு எரிகிற பக்கம் யானை வயலுக்குள் இறங்காது. அந்தக் காவல்காரன் இரவு முழுக்க ஒரு வெடியும் போடாமல் இருந்திருப்பான், அதற்காக அவன் வேலை செய்யவில்லை என்று யாராவது சொல்வோமா? விக்டர் வெம்பன்யாமா பெயின்டுக்குள் (ரிங்குக்குக் கீழுள்ள கட்டத்துக்குள்) நிற்கும்போது உள்ளே நுழைந்த கார்ட்கள் பாதி வழியில் பந்தைத் திருப்பி வெளியே கொண்டுபோவதைக் கவனியுங்கள். ஆகவே எத்தனை பிளொக் என்று எண்ணுவதோடு நிற்காமல், அவர் ஆடுகளத்தில் இருக்கும்போது எதிரணி ரிங்குக்குக் கிட்டப் போய் எத்தனை தடவை எறிகிறது, அவர் வெளியே இருக்கும்போது எத்தனை தடவை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் அவருடைய உண்மையான பெறுமதி.

இதே காரணத்தால்தான் சென்டர்களையும் கார்ட்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஒரு நல்ல சென்டர் ஐந்து எதிராளிகளுக்கும் எதிராக வேலை செய்கிறார். மிக நல்ல கார்ட்கூடப் பெரும்பாலும் ஒருவரைத்தான் கட்டிப்போட முடியும். சிறந்த டிபென்டர் விருது 1982-83 பருவத்தில் தொடங்கியது. முதலில் வாங்கிய சிட்னி மொன்கிரீப் கார்ட்தான். ஆனால் 1996இல் கேரி பேட்டன் வாங்கிய பிறகு அடுத்த கார்ட்டாக மார்க்கஸ் ஸ்மார்ட் வாங்க 2022 வரை காத்திருக்க வேண்டி வந்தது. அந்தந்த இடத்தில் ஆடுபவரை அந்தந்த இடத்துக்காரரோடு ஒப்பிடுங்கள், சண்டை பாதியாகக் குறையும்.

உயரமானவர்களுக்கு நேரும் அநியாயத்துக்கும் ஒரு உதாரணம். 2021 ஜூனில் யூட்டாவும் கிளிப்பர்ஸும் மோதிய தொடரின் ஆறாவது ஆட்டம். யூட்டாவின் ரூடி கோபேர் அந்த வருடத்துச் சிறந்த டிபென்டர். கிளிப்பர்ஸ் ஐந்து பேரையும் வெளியே நிறுத்தி ஆடினார்கள். கோபேருக்குக் கொடுக்கப்பட்ட ஆள் கோனரில் நின்ற டெரன்ஸ் மான். மான் அன்று 39 புள்ளி எடுத்தார். 25 புள்ளி முன்னணியில் நின்ற யூட்டா தோற்று வெளியே போனது. மறுநாள் எல்லோரும் கோபேரைக் கிழித்தார்கள். அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டு, மான் எறிவதற்கு மூன்று செக்கன் முன்னால் நிறுத்திப் பாருங்கள். யூட்டாவின் முன்வரிசைக் கார்ட்கள் ஒருவர் பின் ஒருவராகத் தாண்டப்பட்டிருப்பார்கள், ரிங் திறந்து கிடக்கும், கோபேர் உள்ளே வந்தே ஆக வேண்டும். வந்தார், பந்து கோனருக்குப் போனது. கடைசியாகப் படத்தில் நிற்பவர் மேல் பழி விழுவது எங்கள் ஊர் ஆட்டத்திலும் நடக்கிறது. கோபேரிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அகலமான இடத்தில் அவருடைய கால் மெதுவானது. ஆனால் அன்றைய தோல்வியில் பெரிய பங்கு மற்றவர்களுடையது.

ஷொட்டை எதிர்கொள்ளும் முறையும் பார்க்க வேண்டியது. ஷேன் பாட்டியர் பிரையன்டைப் பிடிக்கும்போது பந்தை அடிக்கப் பாயாமல் கையை அவருடைய கண்ணுக்கு நேரே பிடிப்பார். பவுல் இல்லை, ஆனால் எறிகிறவருக்கு ரிங் தெரியாது. இந்த விஷயத்தில் வலைப்பந்து ஆடி வந்த எங்கள் பெண்பிள்ளைகளுக்கு ஒரு முன்னிலை இருக்கிறது. வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவரிடமிருந்து மூன்று அடி தள்ளி நின்றுதான் தடுக்க வேண்டும், ஆகவே கையை உயர்த்தி உடம்பை நேராக வைத்து, தொடாமல் தொந்தரவு கொடுக்க ஏற்கெனவே பழகியிருப்பார்கள். உங்களிடம் அப்படி வருகிற பிள்ளைகளின் இந்தப் பழக்கத்தைக் கெடுத்துவிடாதீர்கள், கிட்ட நின்று ஆட மட்டும் பழக்குங்கள்.

இனித் தரவு. நான் அதற்கு எதிரி கிடையாது, ஆனால் எது எதைச் சொல்கிறது என்று தெரிந்து பாவிக்க வேண்டும். ஒரு அணி ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி கொடுத்தது என்பதை மறந்துவிடுங்கள். வேகமாக ஆடும் அணிக்கு அதில் அநியாயம் நடக்கும். நூறு பொசஷனுக்கு (எதிரணி பந்தை எடுத்து ஆடும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசஷன்) எத்தனை புள்ளி கொடுத்தது என்பதே சரியான அளவு, அதை டிபென்சிவ் ரேட்டிங் என்கிறார்கள். பொசஷனை நீங்களே கணக்குப் பார்க்கலாம்: எறிந்த ஷொட்களில் இருந்து ஒபென்சிவ் ரீபவுண்டை (தவறிய தன் ஷொட்டைத் தானே திரும்ப எடுத்தது) கழித்து, டர்னோவரை (எறியாமலே பந்தைப் பறிகொடுத்தது) கூட்டி, பிரீ த்ரோ (பவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி அதையும் கூட்டுங்கள். ஒரு அணி 104 பொசஷனில் 114 புள்ளி கொடுக்கிறது, இன்னொன்று 94 பொசஷனில் 106 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு இரண்டாவது அணி நல்லது. கணக்குப் போட்டால் முதலாவது 109.6, இரண்டாவது 112.8. முதலாவதுதான் நன்றாகத் தடுத்திருக்கிறது.

இது அணிக்கான அளவு. தனியாளின் பெயருக்கு நேரே இதே எண்ணைப் போடும்போது கவனம் வேண்டும். நல்ல சென்டரோடு சேர்ந்து ஆடும் சோம்பேறிக் கார்டுக்கும் அழகான எண் வரும். அவர் உள்ளே இருக்கும்போதும் வெளியே இருக்கும்போதும் அணி எப்படி என்று ஒப்பிடுவது கொஞ்சம் மேல், அதுவும் ஒரு முழுப் பருவமாவது பார்க்க வேண்டும். எதிரணியின் மூன்று புள்ளி வீதத்தை வைத்து ஒருவரைப் புகழவோ இகழவோ அவசரப்படாதீர்கள். முப்பது எறிந்து பன்னிரண்டு போவதும் ஒன்பது போவதும் பெரும்பாலும் எறிபவரின் அன்றைய அதிர்ஷ்டம், ஆனால் அதிலேயே 9 புள்ளி வித்தியாசம் வந்துவிடும். எத்தனை மூன்று புள்ளி எறிய விட்டார்கள், அதில் எத்தனை கோனரில் இருந்து என்பதுதான் டிபென்ஸின் கையில் இருப்பது.

2013-14 பருவத்தில் இருந்து என்பிஏ அரங்குகள் எல்லாவற்றிலும் ஆட்டக்காரரின் அசைவைப் பதியும் கமெராக்கள் இருக்கின்றன. பந்தை விரலால் தட்டிவிட்டது, எறிபவர் முன் கை நீட்டியது, மோதலை வாங்கி ஒபென்சிவ் பவுல் எடுத்தது எல்லாவற்றுக்கும் இப்போது எண்ணிக்கை உண்டு. என்னைக் கேட்டால் ஸ்டீலைவிட டிஃப்ளெக்ஷன், அதாவது பந்தைத் தட்டிவிட்ட எண்ணிக்கை, நேர்மையானது. ஆனால் "கிட்ட நின்ற டிபென்டருக்கு எதிராக இத்தனை வீதம்" என்ற கணக்கு வந்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். வேறொருவர் விட்ட ஆளை ஓடிவந்து மறித்தவரின் பெயரில்தான் அந்தக் கூடை எழுதப்படும். எதிரணியின் முதல் ஆட்டக்காரரைப் பிடிப்பவரும் ஐந்தாவது ஆட்டக்காரரைப் பிடிப்பவரும் அதில் ஒரே மாதிரித் தெரிவார்கள்.

பிளே-ஓப் (பருவ முடிவில் வரும் வெளியேற்றத் தொடர்கள்) என்று வந்தால் பரீட்சை வேறு. அங்கே எதிரணி ஆடுகளத்தில் உள்ள மிகப் பலவீனமான டிபென்டரைத் தேடிப் பிடித்து, ஸ்கிரீனுக்கு மேல் ஸ்கிரீன் போட்டு அவரைப் பந்துக்கு முன்னால் இழுத்து வரும். ஆகவே பல விதமான ஆட்களைப் பிடிக்கத் தெரிவது பெரிய பெறுமதி. 2025இல் ஒக்லஹோமா சிட்டி, டென்வர் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 6 அடி 5 அங்குல கார்ட் அலெக்ஸ் கரூசோ, 6 அடி 11 அங்குல நிகோலா யோகிச்சைப் பிடித்தார். பந்து வந்த பிறகு மறிக்க முடியாது என்று தெரிந்ததால், பந்து வராமலே பார்த்துக்கொண்டார். முன்னால் நுழைந்து, இடுப்பில் சாய்ந்து, பாஸ் வரும் பாதையில் கையை வைத்தபடி நின்றார். ஒக்லஹோமா 125-93 என்று வென்றது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2015இல் மெம்பிஸின் டோனி அலன் லீக்கின் மிகக் கடுமையான டிபென்டர்களில் ஒருவர், ஆனால் வெளியே நின்று எறிய மாட்டார். கோல்டன் ஸ்டேட் தன் சென்டர் அன்ட்ரூ போகட்டைப் பெயருக்கு அவர் மேல் போட்டுவிட்டு, போகட்டை ரிங்குக்குக் கிட்டவே நிறுத்தியது. மெம்பிஸ் அலனை வெளியே எடுக்க வேண்டி வந்தது. ஆடுகளத்தில் வைத்திருக்க முடியாத டிபென்டரின் டிபென்ஸ் அணிக்குக் கிடைக்காது. ஒருவரை மதிப்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், என்பிஏயில் பார்த்ததை அப்படியே உங்கள் பிள்ளைகளுக்குப் பொருத்த வேண்டாம். அங்கே 2001-02 பருவத்தில் இருந்து டிபென்டர் ஒருவர் ஆளைப் பிடிக்காமல் பெயின்டுக்குள் மூன்று செக்கனுக்கு மேல் நிற்க முடியாது. நாங்கள் ஆடும் சர்வதேச விதியில் அந்தத் தடை இல்லை. உங்களிடம் கால் மெதுவான, உயரமான பிள்ளை ஒன்று இருந்தால் உள்ளேயே நிறுத்தி வைக்கலாம், அது பிழையே இல்லை.

உங்கள் அடுத்த பழக்க ஆட்டத்தில் வெளியே இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கொப்பியும் பேனையும் கொடுங்கள். ஆளுக்கு ஒரு டிபென்டர். பந்தைத் தட்டிவிட்டது, ஸ்கிரீனில் சிக்கியது, உதவிக்கு நேரத்துக்கு வந்தது, பிந்தி வந்தது, ரீபவுண்டுக்குத் தன் ஆளை முதுகால் மறித்தது, வாயைத் திறந்து சொன்னது, இவற்றை மட்டும் கோடு கோடாகப் போடட்டும். புள்ளியை எழுதவே வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் எழுதிய பிள்ளையே ஆடிய பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்டட்டும், பிறகு இரண்டு பேரையும் இடம் மாற்றி விடுங்கள்.